நெல்லுக்கு வந்த காசு யாருடைய பெயரில் வந்தது?

கொஞ்சம் நீண்ட பதிவு. வேலை வெட்டி முடித்து ஆறுதலாக வாசியுங்கள்.

ஒவ்வொரு பெரும்போகமும் பசளைக் காசு வங்கிக்கு வரும் நாட்களில் நம்ம பக்கத்தில் ஒரு பேச்சு எழும்பும். அஸர் தொழுதுவிட்டுப் பள்ளி முன்றலில் நிற்கும்போதும் அதுதான், தேத்தண்ணிக் கடையிலும் அதுதான், வட்ஸ்அப் குழுவிலும் அதுதான். காணி ஒருவருடையது, குத்தகைக்குச் செய்கிறவர் இன்னொருவர். காசு விழுவது காணிக்காரரின் கணக்கில். "என்ட காணிக்கு வந்த காசு, எனக்குத்தான்" என்பார் இவர். "காணிக்கா பசளை போடுற? நான் செய்த வேளாண்மைக்குத்தானே அரசாங்கம் தந்த" என்பார் அவர். போன போகம் இந்தக் கதை சொந்தக்காரர் இரண்டு பேரின் பேச்சுவார்த்தையையே நிறுத்திவிட்டது. யார் என்று எழுத மாட்டேன், ஊருக்கே தெரியும்.

மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் மௌலவி இல்லை, சட்டம் சொல்ல வழக்கறிஞரும் இல்லை. வரலாறு படிப்பிக்கிறவன். இந்தச் சண்டை நேற்று வந்ததல்ல, இதற்கு ஒரு வயதான கதை இருக்கிறது என்பதை மட்டும் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அரசாங்கம் விவசாயிக்குக் காசு கொடுப்பது புதுப் பழக்கம். அதற்கு முன் பல நூறு வருடம் அரசாங்கம் விவசாயியிடம் எடுத்துத்தான் பழக்கம். வெள்ளைக்காரன் காலத்தில் நெல்லுக்கு வரி இருந்தது. விளைச்சலில் பத்தில் ஒன்று என்பது பொதுவான கணக்கு. (நம்ம உஷ்ரும் மழைத் தண்ணீரில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்றுதான். ஆனால் உஷ்ர் ஏழைக்குப் போனது, இது கொழும்புக்குப் போனது.) அந்த வரியை அறவிடும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விற்கும். ஏலம் எடுத்த ரேந்தைக்காரர் களவெட்டிக்கே வந்து நிற்பார். அவர் வந்து பார்க்கும்வரை சூடு அடிக்க முடியாது. மழை வந்தாலும் காத்திருக்க வேண்டும்.

1878ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வரியை நெல்லாக அல்லாமல் காசாகக் கட்டும் முறைக்குத் தள்ளியது. காசு எங்கே இருந்தது கிராமத்தில்? நுவரெலிய மாவட்டத்தில், முக்கியமாக வலப்பனைப் பகுதியில், வரி கட்ட முடியாதவர்களின் வயல்கள் ஏலத்தில் போயின. காணி போன சனம் பட்டினியில் செத்தது. இதை வெளியே சொன்னவர் ஒரு வெள்ளைக்கார அதிகாரி: அங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர். அவருடைய அறிக்கைகள் இலண்டன்வரை போய் வாதப் பொருளாகின. கடைசியில் ஆளுநர் ஹெவ்லொக் காலத்தில், 1892இல், நெல் வரி ஒழிக்கப்பட்டது. இன்னொரு தகவலும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் கேட்டால் கண்ணை விரிப்பார்கள்: இதே லெ மெசூரியர் பிற்காலத்தில் இஸ்லாத்தைத் தழுவி அப்துல் ஹமீது என்று பெயர் வைத்துக்கொண்டார். அதற்கான காரணம் மார்க்கப் பற்றைவிட இரண்டாவது கல்யாணத்தோடு சம்பந்தப்பட்டது என்பது வேறு கதை.

எடுத்தார்கள் என்று மட்டும் சொன்னால் அநியாயம். நம்ம பகுதியில் இறக்காமம் குளமும் அம்பாறைக் குளமும் ஆளுநர் ஹென்றி வோர்ட் காலத்தில், 1850களில், அரசாங்கச் செலவில் திருத்தப்பட்டன. தண்ணீர் கொடுப்பதும் ஒரு மானியம்தான். அதில் ஒரு வசதி, தண்ணீர் வாய்க்காலால் நேராக வயலுக்குத்தான் போகும். செய்கிறவன் யாரோ அவனுடைய பயிர்தான் குடிக்கும். காசுக்கு அப்படி ஒரு வாய்க்கால் இல்லை.

காசு விவசாயியை நோக்கித் திரும்பியது யுத்தத்தால். 1942இல் பர்மா ஜப்பான்காரர் கையில் விழுந்தது. நாம் தின்ற அரிசியில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கப்பல் நின்றதும் கூப்பன் வந்தது. உள்ளூர் நெல்லை அரசாங்கமே வாங்கும் திட்டமும் அதே வருடம் வந்தது. சுதந்திரம் கிடைத்த 1948இல் அது உத்தரவாத விலைத் திட்டமாக நிலைத்தது: ஒரு புசல் நெல்லுக்கு 8 ரூபாய். 1952இல் 12 ரூபாய். அதற்குப் பிறகு பதினைந்து வருடம், 1967வரை, அந்த 12 ரூபாய் அசையவில்லை. 1967இல் 14 ஆனது.

நம்ம ஊரில் எழுபது, எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் "சங்கத்துக்கு நெல்லுப் போடுற காலம்" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மலரும். வண்டில் மாடு பூட்டி மூடைகளை ஏற்றிக்கொண்டு போய்ச் சங்கத்துக் களஞ்சியத்தின் முன் வரிசையில் கிடந்த கதை சொல்வார்கள். என் மூத்தவாப்பாவும் அப்படிக் கிடந்தவர்தான்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு புசல் நெல் 46 இறாத்தல். குத்தினால் ஏறத்தாழ 30 இறாத்தல் அரிசி, அதாவது 15 கொத்து. 1953 நடுப்பகுதிவரை கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதம். பதினைந்து கொத்துக்கு 3 ரூபாய் 75 சதம். அதே அரிசி நெல்லாக இருந்தபோது அரசாங்கம் விவசாயிக்குக் கொடுத்த விலை 12 ரூபாய்! விளைந்த நெல்லைச் சங்கத்துக்குப் போட்டுவிட்டு, கூப்பன் அரிசியை வாங்கித் தின்றது புத்தியான வேலை. மூத்தவாப்பா வீட்டில் அதுதான் நடந்தது. விவசாயியின் பானையில் பர்மா அரிசியும் சீன அரிசியும் வெந்தன. 1952இல் நாம் இறப்பர் கொடுத்துச் சீனாவிடம் அரிசி வாங்க ஒப்பந்தம் செய்திருந்தோம்.

இந்தக் கணக்கு எத்தனை நாள் தாங்கும்? 1953இல் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்தன கூப்பன் அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார். ஆகஸ்ட் 12 ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க சில வாரங்களில் பதவி விலகினார். அன்றிலிருந்து இன்றுவரை எந்த அரசாங்கமும் அரிசி, பசளை என்ற இரண்டு சொற்களைக் கொஞ்சம் பயத்தோடுதான் உச்சரிக்கிறது.

உத்தரவாத விலையில் நம்ம தலைப்புக்கு முக்கியமான ஒரு விஷயம் உண்டு. அந்த உதவி புசல் கணக்கில் வந்தது. நூறு மூடை கொண்டுபோனவருக்கு நூறு மூடைக்கான உதவி, இரண்டு மூடை கொண்டுபோனவருக்கு இரண்டு மூடைக்கான உதவி. வட்டை வட்டையாகக் காணி வைத்திருந்த போடியாருக்குத்தான் அதிகம் போனது. முல்லைக்காரனுக்குக் கிடைத்தது அவன் பங்கு நெல் மட்டும், அதிலும் விதைப்புக்கு வாங்கிய கடன் போக மிச்சம். கடன் கொடுத்த முதலாளி களவெட்டியிலேயே குறைந்த விலைக்கு நெல்லை எடுத்து, விவசாயியின் பெயரில் சங்கத்துக்குப் போட்டு 12 ரூபாய் வாங்கிய கதைகளையும் மூத்தவர்கள் சொல்வார்கள். பெயர் விவசாயியுடையது, காசு வேறு பையில். இந்த வித்தை அன்றே பழகப்பட்டதுதான்.

இடையில் கல்லோயா வந்தது. 1949இல் அபிவிருத்திச் சபை, இங்கினியாகலையில் அணை, நம்ம பட்டிப்பளை ஆற்றுக்குக் குறுக்கே சேனாநாயக்க சமுத்திரம். அதில் நமக்குக் கிடைத்த தண்ணீரும் கிடைக்காமல் போன காணியும் தனிப் பதிவுக்குரியவை. இங்கே கிளறவில்லை.

இனித்தான் கதையின் நடுமுள். 1958, நெற்காணிச் சட்டம். கொண்டுவந்தவர் விவசாய, உணவு அமைச்சர் பிலிப் குணவர்தன. வாரத்துக்கும் குத்தகைக்கும் வயல் செய்கிறவரை இஷ்டத்துக்கு எழுப்ப முடியாது, அவருடைய உரிமை வாரிசுக்கும் போகும், காணிக்காரருக்குக் கொடுக்கும் பங்குக்கு ஓர் உச்ச வரம்பு (விளைச்சலில் காற்பங்கு என்ற அளவில்) என்று சட்டம் சொன்னது. ஊர் ஊராகப் பயிர்ச்செய்கைக் குழுக்கள் அமைத்து, வெள்ளைக்காரன் கால விதானைமாரின் அதிகாரத்தை அவற்றுக்குக் கொடுத்தது. முக்கியமாக, யார் காணிக்காரர், யார் செய்கைபண்ணுகிறவர் என்று எழுதிவைக்கும் ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்தது. இன்று கமநல சேவை நிலையத்தில் நாம் "பெயர் இருக்கா பாருங்க சேர்" என்று எட்டிப் பார்க்கிற கொப்பியின் மூதாதை அதுதான்.

நல்ல சட்டம் என்றுதான் நான் வகுப்பில் சொல்வேன். ஆனால் நல்ல சட்டம் வந்தவுடன் என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்வேன். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான குத்தகைக்காரர்கள் காணியிலிருந்து எழுப்பப்பட்டார்கள். கொப்பியில் ஒருவன் பெயர் ஏறிவிட்டால் பிறகு காணியை எடுக்க முடியாது என்ற பயம். அதன் பிறகு வந்த வழக்கம் நமக்கு நன்றாகத் தெரியும்: எழுத்து இல்லை, வாய்ப் பேச்சு மட்டும். ஒரு போகம் இவனுக்கு, அடுத்த போகம் அவனுக்கு. ஒருவனையே தொடர்ந்து செய்ய விடுவதில்லை. குத்தகையை முன்கூட்டியே காசாக வாங்கிக்கொள்வது. கொப்பியில் செய்கைக்காரர் என்ற இடத்திலும் காணிக்காரரே தன் பெயரைப் போட்டுக்கொள்வது. காணிக்காரரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. இரண்டு ஏக்கரை மட்டும் நம்பியிருக்கும் ஓய்வுபெற்ற மனிதர் அந்தக் காணி கையை விட்டுப் போகுமோ என்று பயப்படுவது இயல்புதானே. ஆனால் அந்தப் பயத்தின் விலையைச் செய்கிறவன்தான் கட்டினான்.

ஏனென்றால் நான்கே வருடத்தில், 1962இல், பசளை மானியம் வந்தது.

அப்போது எச்-4 போன்ற புதிய நெல்லினங்கள் பரவிக்கொண்டிருந்தன. பழைய இனங்களுக்குப் பசளை போட்டால் உயர்ந்து சாய்ந்துவிடும். புதிய இனம் பசளை தின்று நெல் தரும். ஆகவே பசளையை மலிவாகக் கொடுத்தால் நாடு அரிசியில் தன்னிறைவு அடையும் என்ற கணக்கு. கணக்கு பெருமளவு பலித்தது, அதை மறுக்கக் கூடாது. ஆனால் மலிவுப் பசளை எப்படிக் கொடுபடும்? ஏக்கர் கணக்குப் பார்த்து. ஏக்கர் கணக்கு எங்கே இருக்கிறது? கொப்பியில். கொப்பியில் யாருடைய பெயர்?

அன்றிலிருந்து மானியத்தின் உருவம் மாறியதே தவிர, அது நடந்த வழி மாறவில்லை. பயிர்ச்செய்கைக் குழு போய், 1979 கமநல சேவைகள் சட்டம் வந்தது. பிறகு 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம். 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை பிறந்தது, தொண்ணூறுகளில் மூடப்பட்டது, பிறகு மீண்டும் திறக்கப்பட்டது. 1990இல் பிரேமதாச அரசாங்கம் பசளை மானியத்தை நிறுத்தியது. 1994இல் சந்திரிகா அரசாங்கம் திரும்பக் கொடுத்தது. 1997இல் யூரியாவுக்கு மட்டும் என்று சுருக்கியது. அந்த வருடங்களில் நம்ம பகுதியில் யுத்தம். பசளை மூடை ஒன்றைக் காவலரண் தாண்டிக் கொண்டுபோவதே ஒரு போராட்டமாக இருந்த காலத்தில் மானியம் எத்தனை சதவீதம் என்று யார் பார்த்தது.

பெரிய மாற்றம் 2005இல். மஹிந்த ராஜபக்ஷவின் தேர்தல் வாக்குறுதி: 50 கிலோ பசளை மூடை 350 ரூபாய். அந்தப் பெரும்போகத்திலிருந்தே நடைமுறைக்கு வந்தது. 2008இல் உலகச் சந்தையில் யூரியா விலை வானத்துக்கு ஏறியபோதும் நமக்கு 350தான். அந்த ஒரு வருடத்தில் மட்டும் அரசாங்கம் இதற்காக 25 பில்லியன் ரூபாய்க்கு மேல் கொட்டியது.

350 ரூபாய் மூடைக் காலத்தை நம்ம விவசாயிகள் பொற்காலம் என்பார்கள். எனக்கு அதில் அரைவாசி சம்மதம். வாப்பா கடைசியாக வேளாண்மை செய்த வருடங்கள் அவை. கடன் குறைந்தது உண்மை. ஆனால் சில விஷயங்களையும் பார்த்தோம். இத்தனை மலிவாகக் கிடைத்தால் யார் அளந்து போடுவார்? பயிர் கறுத்துப் பச்சையாக நின்றால்தான் மனம் ஆறும் என்று யூரியாவை அள்ளி வீசினோம். மரக்கறிக்காரருக்கு மானியம் இல்லை என்பதால் நெல்லுக்கு வந்த மூடைகள் இரவோடு இரவாகத் தோட்டங்களுக்குப் போயின. கொப்பியில் பெயர் உள்ள காணிக்காரர் மூடையை எடுத்துக் குத்தகைக்காரருக்கே கூடுதல் விலைக்குக் கொடுத்ததும் உண்டு. நல்ல மனிதர்கள் பசளைத் துண்டை அப்படியே செய்கிறவரிடம் கொடுத்ததும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாம் ஆளைப் பொறுத்து நடந்தது. சட்டத்தைப் பொறுத்து நடக்கவில்லை.

ஆனாலும் மூடைக்கு ஒரு குணம் இருந்தது. பசளை என்பது வயலில் போட்டால்தான் பயன். எத்தனை கை மாறினாலும் பெரும்பாலும் ஏதோ ஒரு மண்ணில்தான் விழும். 2016இல் மூடையை நிறுத்திவிட்டுக் காசாகக் கொடுக்கத் தொடங்கினார்கள்: ஹெக்டேயருக்கு வருடம் 25,000 ரூபாய், நேராக வங்கிக் கணக்குக்கு. பொருளியல் படித்தவர்களுக்கு அது சரியான யோசனை. விவசாயி தனக்குத் தேவையானதைத் தானே வாங்குவான், வீண்விரயம் குறையும் என்றார்கள். நடந்தது என்ன? விதைத்த பிறகு பல நாள் கழித்துக் காசு வந்தது. வந்தபோது வங்கிக் கணக்கு யாருடையதோ அவருடைய வீட்டு அடுப்பில் எரிந்தது. மூடையைக் குத்தகைக்காரர் கண்ணால் பார்த்துக் கேட்கலாம். கணக்கில் விழுந்த காசைப் பார்க்க முடியாது. பள்ளி முன்றல் சண்டை பெரிதானது அன்றிலிருந்துதான்.

இங்கே நம்ம சமூகத்துக்கே உரிய ஒரு முடிச்சு இருக்கிறது. நம்ம கிழக்கில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். உறுதியில் பெயர் அவளுடையது. ஆனால் கொப்பியில் பெயர் வாப்பாவுடையது, அல்லது காக்காவுடையது, அல்லது மாப்பிள்ளையுடையது. அந்த மனிதர் மௌத்தானால், காணி அவளுடையதாகவே இருந்தும், கொப்பி செத்தவரின் பெயரிலேயே கிடக்கும். மானியம் நின்றுபோகும், அல்லது வேறு யாரோ கையெழுத்துப் போட்டு எடுப்பார். இத்தா இருக்கும் பெண் கமநலக் கந்தோருக்கு அலையவா முடியும்? என் மாணவி ஒருத்தியின் உம்மா இப்படி இரண்டு போகம் இழந்தார்.

இது நம்ம நாட்டுக்கு மட்டும் உரிய வியாதியா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. அமெரிக்காவில் 1933இல் ரூஸ்வெல்ட் அரசாங்கம் விவசாயச் சீராக்கல் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பருத்தி விலை விழுந்து கிடந்தது. விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும் என்று, பயிரை உழுது அழிப்பவர்களுக்கு அரசாங்கம் காசு கொடுத்தது. அந்த வருடம் ஏறத்தாழ 1 கோடி ஏக்கர் பருத்தியை உழுது மண்ணில் புதைத்தார்கள். காசோலை யாருக்குப் போனது? காணிக்காரருக்கு. வாரத்துக்குச் செய்கிறவர்களுக்கு அவர் பங்கு கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. பலர் கொடுக்கவில்லை. அதைவிட மோசம், செய்கை குறைந்தால் ஆளும் தேவையில்லையே என்று குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள்.

ஆர்கன்சோ மாநிலத்தில் பொயின்செட் என்று ஒரு கவுண்டி. நம்ம மாவட்டம் போன்ற ஒரு கமத்தொழில் பிரதேசம். அங்கே டைரொன்சா என்ற சிற்றூரில் 1934 ஜூலையில் 18 பேர் கூடினார்கள். 11 பேர் வெள்ளையர், 7 பேர் கறுப்பர். அந்தக் காலத்து அமெரிக்கத் தெற்கில் இந்த இரண்டு கூட்டமும் ஒரே அறையில் சரிசமமாக உட்கார்வதே உயிராபத்து. ஆனால் இருவரையும் ஒரே காணிக்காரர் வர்க்கம்தான் எழுப்பிக்கொண்டிருந்தது. தெற்குக் குத்தகை விவசாயிகள் சங்கம் அப்படித்தான் பிறந்தது. வாஷிங்டனில் விவசாய நிருவாகத்துக்குள்ளேயே சில சட்டத்தரணிகள், ஒப்பந்தத்தைக் குத்தகைக்காரருக்குச் சாதகமாக விளக்கி, அவர்களை எழுப்பக் கூடாது என்று உத்தரவு எழுதினார்கள். 1935 பெப்ரவரியில் அந்தச் சட்டத்தரணிகளையே வேலையிலிருந்து நீக்கினார்கள். காணிக்காரரின் வாக்கும் செல்வாக்கும் வாஷிங்டனில் அவ்வளவு கனம்.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம 1958தான் ஞாபகம் வந்தது. மொழி வேறு, மார்க்கம் வேறு, பயிர் வேறு. கொப்பி ஒன்று.

சரி, நம்ம கதைக்கு வருவோம். இனி வந்தவை எல்லோரும் பட்டவைதான், விரைவாகச் சொல்கிறேன். 2018இல் காசை நிறுத்தித் திரும்ப மூடை, 500 ரூபாய்க்கு. 2020இல் நெல்லுக்கு இலவசம். "சுபீட்சத்தின் நோக்கு" கொள்கைப் புத்தகம் பத்து வருடத்தில் சேதனப் பசளைக்கு மாறுவோம் என்று சொல்லியிருந்தது. பத்து வருடம் என்றவர்கள் 2021 மே 6ஆம் திகதி வர்த்தமானியில் ஒரே இரவில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். இலவசமாகக் கொடுத்த கையே அடுத்த வருடம் காசு கொடுத்தாலும் இல்லை என்றது. சீனாவிலிருந்து ஒரு கப்பல் சேதனப் பசளை வந்து, அதில் தீமையான பக்டீரியா இருக்கிறது என்று இறக்காமல், கடைசியில் இறக்காத பசளைக்கு 67 இலட்சம் டொலர் கட்டினோம். இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் வந்தது. போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு ஏக்கருக்கு இது காணுமா என்று பார்த்து நின்ற விவசாயியின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நவம்பரில் தடை நீங்கியது. ஆனால் பயிருக்கு நவம்பர் தெரியாது, அதன் வயதுதான் தெரியும். 2021/22 பெரும்போக விளைச்சல் முந்தைய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. 2022 ஜூலையில் இந்தியக் கடனில் யூரியா வந்தபோது மூடை 10,000 ரூபாய், அதுவும் மலிவு விலை என்று சொல்லி. 350க்கு வாங்கிய அதே மூடை.

அந்தப் போகத்துக்கு நட்டஈடு அறிவித்தபோதும் கேள்வி அதேதான். நட்டப்பட்டவர் யார்? குத்தகைக் காசை முன்கூட்டியே வாங்கிக்கொண்ட காணிக்காரருக்கு அந்தப் போகத்தில் ஒரு சதம் நட்டம் இல்லை. கொப்பியின்படி நட்டப்பட்டவர் அவர்தான்.

இப்போது மானியம் மீண்டும் காசு. 15,000 ஆக இருந்ததை 2024 பெரும்போகத்திலிருந்து ஹெக்டேயருக்கு 25,000 ஆக்கினார்கள், உச்சம் இரண்டு ஹெக்டேயர். ஏக்கர் கணக்கில் ஏறத்தாழ 10,000. இதை அறிவித்த கையோடு சில வட்டைகளில் குத்தகையும் ஏறியது. "உனக்குத்தானே மானியக் காசு, அதைக் கூட்டிக் கொடு" என்று. காசு செய்கிறவர் கணக்கில் விழுந்தாலும் குத்தகை வழியாகக் காணிக்காரரிடம் போய்ச் சேரும் என்பதை இது காட்டுகிறது. கொப்பியைத் திருத்தினால் மட்டும் எல்லாம் தீரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொப்பி பிழையாக இருக்கும்வரை பேச ஆரம்பிக்கவே முடியாது.

ஆகவே சில விஷயங்கள், வரலாறு தெரிந்தவர்கள் என்ற முறையில்.

கமநல நிலையத்தின் விவசாயக் காணிப் பதிவேட்டில் காணிக்காரர் பெயருக்கும் செய்கைபண்ணுகிறவர் பெயருக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. உங்கள் காணிக்கு என்ன எழுதியிருக்கிறது என்று ஒருதரம் போய்ப் பாருங்கள். குத்தகைக்காரர்கள் மட்டுமல்ல, சீதனக் காணி உள்ள நம்ம பெண்பிள்ளைகளும் உறுதியையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். காணிக்காரருக்கு உரிமை போய்விடும் என்ற பயம் இருந்தால், அடுத்த கன்னைக் கூட்டத்துக்கு முன்பே வட்டவிதானையாரையும் பள்ளி நிருவாகத்தில் இரண்டு பேரையும் வைத்து, மானியக் காசு யாருக்கு, வெள்ளமோ வரட்சியோ வந்து நட்டஈடு வந்தால் அது யாருக்கு என்று குத்தகை பேசும்போதே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கத்தில் இருக்கும் நாம், வயல் குத்தகையை மட்டும் ஏன் வாயால் பேசி வருகிறோம் என்பது எனக்கு விளங்காத ஒன்று.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து நம்ம ஊர் வேளாண்மையின் பழைய தாள்களைச் சேகரிக்கத் தொடங்கியிருக்கிறோம். சங்கத்துக்கு நெல் போட்ட பற்றுச்சீட்டு, கூப்பன் புத்தகம், நெல் சபைத் துண்டு, 350 ரூபாய்க் காலத்துப் பசளைச் சீட்டு, பழைய குத்தகைக் கடதாசி, எதுவானாலும் சரி. பெட்டகத்தின் அடியில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். படம் எடுத்துக் கீழே போடுங்கள், அல்லது பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புங்கள், பிரதி எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம். அதில் யாருடைய பெயர் எழுதியிருக்கிறது, அந்தப் போகம் வயலில் இறங்கியவர் யார் என்று இரண்டையும் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டுப் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்து அனுப்பினால் இன்னும் நல்லது.